கன்னியாஸ்திரிகள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

நான் முதன்முதலாக வாசித்த ஸ்பானிஷ் சொல் 'ஹெச்சோ'. அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் முடிந்தால் கொஞ்சம் லேபிள்கள் மிச்சமாகும். அதில் நாலைந்தைக் கொண்டுவந்து தருவார், நான் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். வழவழப்பான வெள்ளைத் துணியில் ஏழெட்டு மொழிகளில் ஒரே விஷயம் அச்சாகியிருக்கும்: நூறு சதவீதம் பருத்தி, இந்தியாவில் செய்தது. ஆங்கில வரிக்குக் கீழே 'ஹெச்சோ என் இந்தியா' என்றிருக்கும், பக்கத்தில் 'அல்கோடான்'. அது என்ன மொழி என்று அப்பாவைக் கேட்டால், "அது ஃபாரின்காரன் பாசை கண்ணு" என்பார். ஸ்பானிஷில் அந்த ஹெச் எழுத்துக்குச் சத்தமே கிடையாது, அது வெறும் 'எச்சோ'தான் என்று தெரிந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. அல்கோடானும் காட்டனும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஸ்பானிஷ் பேசும் வீட்டில் பிறந்து ஆங்கிலத்துக்குள் போன ஒரு பையனைப் பற்றிய புத்தகம் பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ரிச்சர்ட் ரோட்ரிகெஸ் எழுதிய 'ஹங்கர் ஆஃப் மெமரி', 1982இல் வந்தது. மூன்று தடவை வாசித்துவிட்டேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை வாசித்தது போன தீபாவளி விடுமுறையில், திருப்பூரில் அம்மா வீட்டு மொட்டைமாடியில். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வாசிப்பு.

ரோட்ரிகெஸ் 1944இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் வீடு. கத்தோலிக்கப் பள்ளியில் முதல் வகுப்புக்குப் போகும்போது அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் ஐம்பதுக்குள்தான் இருக்கும். வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஒரு சனிக்கிழமை காலை பள்ளியிலிருந்து மூன்று கன்னியாஸ்திரிகள் வீட்டுக்கு வருகிறார்கள். ஹாலில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கிறார்கள்: பிள்ளைகளிடம் வீட்டிலும் ஆங்கிலத்தில் பேச முடியுமா? பெற்றோர் உடனே சரி என்கிறார்கள். திருச்சபை கேட்டால் அவர்களுக்கு மறுக்கத் தெரியாது, பிள்ளைக்கு நல்லது என்றால் மறுக்கவே தோன்றாது.

பிறகு வருகிற காட்சிதான் புத்தகத்தின் உயிர். பையன் சமையலறைக்குள் நுழைகிறான். அப்பாவும் அம்மாவும் ஸ்பானிஷில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவனைப் பார்த்ததும் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அந்த உடைந்த ஆங்கிலச் சத்தம் அவனை வெளியே தள்ளுகிறது. இவ்வளவுதான் நடக்கிறது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எங்கள் வீட்டில் அது சமையலறை இல்லை, திண்ணை. மற்றபடி எல்லாம் அதேதான்.

1993இல் என்னை எல்கேஜி சேர்த்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், திருப்பூரில் அந்த மாதிரி அப்போது தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன. சேர்த்த மூன்றாம் மாதம் அப்பாவையும் அம்மாவையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, "வீட்லயும் இங்கிலீஷ்ல பேசுங்க சார், அப்பத்தான் பையனுக்கு வரும்" என்றார்கள். அம்மா செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். துணியை விரித்து ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. படித்தது ஏழாவது. அன்று சாயங்காலமே பழைய பஸ் ஸ்டாண்டில் முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தருகிற ஒரு புத்தகத்தை வாங்கிவந்துவிட்டார். அப்புறம் என்னிடம் 'கம்', 'சிட்', 'ஈட்', 'வாஷ் ஹேண்ட்' என்று ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்கக் கட்டளை. கதை சொல்ல ஆங்கிலம் இல்லை, கொஞ்ச இல்லை, என் பாட்டுக்குத் திட்டக்கூட இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பிளேட் சத்தம்தான் கேட்கும். அப்பா அந்த ஆங்கிலத்தில் சேரவே இல்லை. அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

ரோட்ரிகெஸின் அப்பாவும் இப்படித்தான். பல வேலைகள் பார்த்து, கடைசியில் பொய்ப்பல் செய்கிற வேலைக்கு வந்தவர். ஆங்கிலத்தில் அவர் ஊமை மாதிரி. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லக்கூட அம்மாவை விட்டுவிடுவார். ஆனால் சொந்தக்காரர்கள் வந்து ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தால் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். இதை மகன் கவனிக்கிறான். அப்பா கூச்ச சுபாவம் உள்ளவர் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது பொய், அவருக்கு ஆங்கிலத்தில்தான் கூச்சம் என்று புரிந்துகொள்கிறான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ரோட்ரிகெஸ் எடுக்கிற நிலைப்பாடுதான் பலருக்கு அதிர்ச்சி. கன்னியாஸ்திரிகள் செய்தது சரி என்கிறார். ஸ்பானிஷ் தன் குடும்பத்தின் அந்தரங்க மொழி, ஆங்கிலம் ஊருக்கான பொது மொழி. பொது மொழியைத் தன்னுடையது என்று உரிமையோடு பேச ஒரு குழந்தை அந்தரங்க மொழியை இழக்க வேண்டியிருந்தால் இழக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1968இலேயே இருமொழிக் கல்விக்கு மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது. வீட்டு மொழியிலும் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற அந்த ஏற்பாட்டை அவர் கடைசிவரை எதிர்த்தார். அவர் எழுதியதை அரசியல்வாதிகள் தூக்கிப் பிடித்தார்கள், மெக்சிக அமெரிக்கர்கள் பலர் அவரைத் துரோகி என்றார்கள். 1998இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இருமொழிக் கல்வியை ஏறக்குறைய மூடினார்கள். 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் மறுபடி திறந்தார்கள்.

அவரைத் துரோகி என்று தள்ளிவிடுவது எனக்குச் சுலபமில்லை. என் பெரியம்மா மகன் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தமிழ்வழியில் படித்துக் கணக்கில் என்னைவிட இருபது மார்க் கூட எடுத்தவன். இருவரும் ஒரே வருடம் இன்ஜினியரிங் சேர்ந்தோம், வேறு வேறு கல்லூரி. முதல் செமஸ்டரில் அவனுக்கு நான்கு அரியர். "புரியுதுடா, ஆனா வாயில வர மாட்டேங்குது" என்றான். வைவா என்றால் அவனுக்குக் காய்ச்சலே வரும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலிலும் மெக்கானிக்கலிலும் தமிழ்வழி வகுப்பு ஆரம்பித்தது, எங்களுக்கு அது பிந்திப்போன செய்தி. தாய்மொழியைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் (என்னையும் சேர்த்துத்தான்) ஆங்கிலம் கைக்குள் வந்தபிறகு உருகுகிறவர்கள். ரோட்ரிகெஸ் அந்த உருக்கத்தை நம்ப மறுக்கிறார். அந்த இடத்தில் அவர் நேர்மையான ஆள். பொது மொழி இல்லாதவனின் மௌனத்தில் கவிதை எதுவும் கிடையாது. கவுண்டர் முன்னால் நின்று தலையைச் சொறிகிற மௌனம்தான் அது.

இரண்டாவது வாசிப்பில் எனக்கு வந்த கோபம் வேறு இடத்தில். அந்தரங்க மொழி, பொது மொழி என்று அவர் கோடு போடுகிறார் அல்லவா, அந்தக் கோட்டை அவர் எங்கே நின்று போடுகிறார்?

அவர்கள் வீடு சாக்ரமெண்டோவில் வெள்ளையர்கள் வாழும் பகுதியில் இருந்தது. மெக்சிகர்கள் நெருக்கமாக வாழ்ந்த தெற்குப் பகுதி பல தெருக்கள் தள்ளி. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது பெற்றோர் தைரியமாக எடுத்த முடிவு அது. ஆகவே பையன் கதவைத் திறந்து வெளியே போனால் ஆங்கிலம், கதவை மூடி உள்ளே வந்தால் ஸ்பானிஷ். கதவுதான் எல்லை. மளிகைக் கடைக்காரன் ஸ்பானிஷ் பேசவில்லை, போலீஸ்காரன் பேசவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் பேசவில்லை. இப்படி வளர்ந்த ஒருவருக்கு ஸ்பானிஷ் என்றாலே அந்தரங்கம், கதகதப்பு, சத்தம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மெக்சிகோவில் அதே மொழியில்தான் வரி நோட்டீஸ் வரும், நீதிபதி தீர்ப்பு வாசிப்பார். அந்தரங்கம் ஸ்பானிஷின் குணமே கிடையாது. அந்த வீடு இருந்த தெருவின் குணம். என் தொழிலில் இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: ஒரு வேரியபிள் லோக்கலா குளோபலா என்பது அதை எங்கே டிக்ளேர் பண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது, வேரியபிளின் பெயரில் அது இல்லை.

வேடிக்கை என்னவென்றால் இது அவருக்கே பாதி தெரியும். நெருக்கத்தை உண்டாக்குவது மொழியல்ல, நெருங்கிய மனிதர்கள்தான் என்ற பொருளில் அவரே அழகாக எழுதுகிறார். அப்படியானால் வீட்டில் நெருக்கம் போனதற்கு ஸ்பானிஷ் போனது காரணமாக இருக்க முடியாது. மனிதர்களுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். என்ன ஆனது? தங்கள் சொந்தச் சமையலறையில் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் எல்கேஜி பிள்ளைகள் ஆனார்கள். பிள்ளை சரியாகப் பேசுகிறான், பெற்றவர்கள் தப்பாகப் பேசுகிறார்கள். கதை சொல்லவும் அதட்டவும் கிண்டல் பண்ணவும் அவர்களுக்கு இருந்த அதிகாரத்தை அந்தச் சனிக்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகன் ஆங்கிலம் கற்க அது தேவையாக இருந்ததா? பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் ஸ்பானிஷ் என்று கற்ற லட்சக்கணக்கான குழந்தைகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அவர் புத்தகத்தில் பதில் இல்லை. கொடுத்த விலையைப் பைசா சுத்தமாகக் கணக்கெழுதுகிறார். அந்தச் சரக்குக்கு அதுதான் விலையா என்று விசாரிக்கவே இல்லை.

அம்மாவின் ஆங்கிலம் எங்கள் வீட்டில் எத்தனை நாள் நீடித்தது என்று கேட்டால், ஆறேழு வாரம். ஒருநாள் நான் பள்ளியில் யாரையோ கடித்துவிட்டு வந்தேன். அம்மா 'ஒய் யூ' என்று ஆரம்பித்தவர் மேலே வார்த்தை கிடைக்காமல் நின்றார். பிறகு, "போச்சாது போ, இந்த எழவெடுத்த இங்கிலீசு" என்று சொல்லிவிட்டு நல்ல கொங்குத் தமிழில் கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். வீடு மறுபடி வீடானது. அப்பாகூடச் சிரித்தார். எனக்கு ஆங்கிலம் வராமல் போகவில்லை. கொஞ்சம் லேட்டாக, எட்டாவது ஒன்பதாவதில், கிரிக்கெட் பத்திரிகையும் டிவி கமெண்ட்ரியும் வழியாக வந்தது.

எங்கள் அம்மா ரோட்ரிகெஸின் அம்மாவைவிடத் துணிச்சலானவர் என்று நீண்ட நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். மூன்றாவது வாசிப்பில்தான் அந்தப் பெருமை அசட்டுத்தனம் என்று உறைத்தது. எங்கள் அம்மாவுக்குத் தெரு இருந்தது. கதவைத் திறந்தால் தமிழ், கம்பெனியில் தமிழ், ரேஷன் கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ். பள்ளிக்கூடம் சொன்னதை மறந்துவிட அவரால் முடிந்தது, ஏனென்றால் அந்த ஒரு கட்டடத்தைத் தவிர ஊர் முழுக்க அவர் பக்கம். ரோட்ரிகெஸின் அம்மா பக்கம் யார் இருந்தார்கள்? அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தபோது, காதில் விழுந்த 'கெரில்லா'வை 'கொரில்லா' என்று அடித்துவிட்டதால் கிடைத்த நல்ல வேலை போய்ப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது அந்த அம்மாவுக்கு. இப்படி ஒரு ஊரில் இருப்பவர் வீட்டுக்குள் என்ன துணிச்சல் காட்ட முடியும்?

அப்பாவின் மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஆங்கிலம் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனியில் அவர் வாயைத் திறந்தால் ஓவர்லாக், ஃப்ளாட்லாக், ரிப், ஜி.எஸ்.எம், பீஸ் ரேட், ஷிப்மென்ட், ரிஜெக்ஷன். பையர் அனுப்புகிற மெஷர்மென்ட் சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு செஸ்ட், லெங்த், ஸ்லீவ், ஆர்ம்ஹோல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அரை சென்டிமீட்டர் தப்பு இருந்தால் இன்ஜினியரிங் படித்த மெர்ச்சண்டைசரையே கூப்பிட்டுக் காட்டுவார். அதே மனிதர் என் பள்ளி ஆபீஸ் ரூமில் 'அட்மிஷன்' என்ற சொல்லை எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னார். சொல்வளத்தில் ஒரு குறையும் இல்லை. எதிரில் இருந்த மேஜைதான் காரணம். ரோட்ரிகெஸின் இரண்டு பெட்டிகளில் எந்தப் பெட்டியிலும் அப்பாவின் கம்பெனி ஆங்கிலத்தைப் போட முடியாது. அது அந்தரங்கமும் இல்லை, அவர் சொல்கிற அர்த்தத்தில் பொதுவும் இல்லை. கைத்தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்த மொழி. அதற்குக் கூச்சமே கிடையாது.

திருப்பூரை வைத்து நல்ல நாவல்கள் இருக்கின்றன. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நொய்யலில் ஓடிய சாயத்தைப் பேசியது, எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த இளைஞர்களைப் பேசியது. ஆபீஸ் ரூமில் அப்பா எச்சில் விழுங்கிய அந்த ஒரு நிமிடத்தை முழுசாக எழுதிய தமிழ்ப் புத்தகம் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. ரோட்ரிகெஸோடு எவ்வளவு சண்டை போட்டாலும் அந்த நிமிடத்தை எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் திரும்பத் திரும்ப அவரிடம் போகிறேன். குளோரியா அன்சால்துவா 1987இல் எழுதிய 'பார்டர்லேண்ட்ஸ்' இதற்கு நேரெதிர்ப் புத்தகம். விளையாட்டு இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்கு ஸ்கேலால் விரல்முட்டியில் அடி வாங்கியவர், தன் கலப்பு மொழியையே கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறார். கென்யாவின் கூகி வா தியாங்கோ பள்ளியில் கிகூயு பேசிய பையன் கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, அது கைமாறிக் கைமாறிச் சாயங்காலம் எல்லோருக்கும் அடி விழுந்ததை எழுதியிருக்கிறார். அரசியலில் நான் இவர்கள் இருவர் பக்கம்தான். ஆனால் இவர்கள் எழுத்தில் கை ஓங்குகிறவன் வெளியாள். ரோட்ரிகெஸின் கன்னியாஸ்திரிகள் அடிக்கவில்லை, அன்பாகக் கேட்டார்கள். அதனால்தான் அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அடித்தால் எதிர்த்துவிடலாம்.

அப்பா நான்கு லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்றில் இப்போது ஒடிசாக்காரர்கள். ஒரு வீட்டில் கணவன் டெய்லர், மனைவி பேக்கிங், மூன்றாவது படிக்கிற பெண் குழந்தை. கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறது. என் மகள் பேசுவதைவிட அதன் தமிழ் நன்றாக இருக்கிறது. வாங்கோ, போங்கோ, ஏனுங் என்று அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. மளிகைக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தன் அம்மாவுக்கு அதுதான் மொழிபெயர்ப்பாளர். எங்கள் அம்மாவை 'ஆத்தா' என்று கூப்பிடுகிறது. என் மகள் 'கிராண்ட்மா' என்கிறாள். வீடியோ காலில் அம்மா அவளிடம் பேச அந்தப் பழைய 'கம்', 'ஈட்' எல்லாவற்றையும் தூசி தட்டி எடுப்பார். அப்பா போனை வாங்கி ஒரு தடவை சிரித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தீபாவளிக்கு முந்தின நாள் நான் புத்தகத்தோடு மாடியில் இருந்தேன். கீழே தண்ணீர்க் குழாயடியில் அம்மா அந்த ஒடியாப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. "இத பாரு கண்ணு, புள்ள நல்லா படிக்குது. நீ ஊட்லயும் தமிழ்லயே பேசு. உங்க பாசையப் பேசிட்டிருந்தீனா அதுக்கு எப்பிடி வரும், சொல்லு." அந்தப் பெண், "சரிங்மா, சரிங்மா" என்றார். எங்கள் அம்மா தன் பாட்டில் அக்கறையாகச் சொன்னதுதான். பணம் பற்றாதபோது கொடுத்து உதவுகிறவரும் அவர்தான். கையில் இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? தமிழ் வேண்டாம் என்றா? தமிழ் இல்லாமல் அந்தக் குழந்தை இந்த ஊரில் என்ன செய்யும்? 'ஒடியாவிலும் பேசுங்கள்' என்று நான் உபதேசம் செய்யலாம். அந்த ஒடியாவுக்கு இந்தத் தெருவில் யார் பதில் சொல்வார்கள்? அவர்களுக்கு இருப்பது பத்துக்குப் பத்து அறையும் அதன் கதவும்தான். சாக்ரமெண்டோவின் அந்த வீடு இப்போது எங்கள் லைன் வீடு, வாடகை வாங்குகிறவர்கள் நாங்கள்.

புத்தகத்தில் இன்னொரு சின்னக் காட்சி உண்டு. ரோட்ரிகெஸின் பாட்டிக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். பையன் நண்பனோடு வெளியே விளையாடிக்கொண்டிருக்கும்போது பாட்டி ஜன்னல் வழியாக ஏதோ சொல்கிறார். என்ன சொன்னாங்க என்று நண்பன் கேட்கிறான். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் இவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பாட்டி சொன்னது அது ஆகாது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறான்.

அன்று சாயங்காலம் அந்தக் குழந்தை எங்கள் வாசலில் கம்பி மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தது. லைன் வீட்டுக் கதவருகில் இருந்து அதன் அம்மா ஒடியாவில் ஏதோ நீளமாகச் சொன்னார், பாட்டு மாதிரி ஒரு இழுவையோடு. குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"அம்மா என்னம்மா சொல்றாங்க?" என்றேன்.

கையில் மத்தாப்பு எரிந்து முடிகிறவரை யோசித்தது.

"ஒண்ணுமில்லீங் மாமா," என்றது. "அது சும்மா."